வாசகர் கேள்வி–பதில்: இருட்டும் ஒரு விசாரணை அதிகாரியும்

குறைந்த செலவில் எடுத்த கொலை விசாரணைப் படங்களை எடிட்டிங் கற்பவர்கள் தேடிப் பார்க்க வேண்டும் என்று போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில் எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த இதழ் முழுக்க ‘நுவார்’ என்று சொல்லப்படும் அந்த இருட்டுப் படங்களுக்கும், அவற்றில் மேலதிகாரி பேச்சைக் கேட்காமல் தன் போக்கில் போகிற அந்த அதிகாரிக்கும்தான்.

கேள்வி: துப்பறியும் படத்துக்கும் நுவார் படத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் கொலை, இரண்டிலும் போலீஸ்தானே? (கல்லூரி மாணவி)

துப்பறியும் படத்தில் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. நுவாரில் அது தெரிந்த பிறகும் யாருக்கும் நிம்மதி வராது. விசாரிக்கிறவருக்கே ஒரு பழைய கணக்கு இருக்கும். அவர் தேடிப்போகிற குற்றம் ஏதோ ஒரு விதத்தில் அவரையும் தொடும்.

இந்தப் படங்களை எடுத்தவர்களுக்குத் தாங்கள் நுவார் எடுக்கிறோம் என்று தெரியாது. க்ரைம் படம், மெலோடிராமா என்றுதான் ஸ்டுடியோக்களில் சொன்னார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்ஸுக்குள் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து, தேங்கிக் கிடந்ததெல்லாம் 1946இல் பாரிஸ் தியேட்டர்களுக்கு மொத்தமாக வந்தபோது அங்கிருந்த விமர்சகர்கள் திகைத்துப் போனார்கள். இந்த அமெரிக்கர்களுக்கு என்ன ஆயிற்று, ஏன் எல்லாக் கதையும் இத்தனை கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார்கள். நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்ற பெயர் இந்தப் படங்களுக்கு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: சார், என் கையில் ஒரு கதை இருக்கிறது. கொலை வழக்கு விசாரிக்கும் ஓர் அதிகாரி, நாலைந்து பாத்திரங்கள், பெரும்பாலும் இரவு. தயாரிப்பாளர் தரும் பணத்தில் ஒரு கார் சேஸ்கூட எடுக்க முடியாது. இப்போதே எடுக்கலாமா, பெரிய பட்ஜெட் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா? (உதவி இயக்குநர்)

எடுங்கள். காத்திருக்க வேண்டாம். நீங்கள் சொல்கிற கதைக்குப் பணம் அதிகமானால் கெடுதல்தான் வரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இந்த வகைப் படங்கள் பிறந்த இடத்தைப் பாருங்கள். 1930களிலும் 40களிலும் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய நடிகர் நடித்த முதல் படத்துக்கு வசூலில் பங்கு. கூடவே ஓடும் இரண்டாவது படத்துக்கு நிலையான வாடகை மட்டும். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வாடகை கூடாது. ஆகவே அதை எவ்வளவு மலிவாக முடிக்கிறோம் என்பதே ஸ்டுடியோவின் கவலை. சொன்ன பணத்துக்குள், சொன்ன நாளுக்குள் முடித்துக் கொடுத்தால் மேலிடத்திலிருந்து யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கவனிப்பின்மையில்தான் சில இயக்குநர்கள் மூச்சுவிட்டார்கள்.

எட்கர் உல்மர் 1945இல் எடுத்த ‘டீடூர்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைக் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு, 68 நிமிடம். நியூயார்க் தெருவில் காதலனும் காதலியும் இரவில் நடந்துபோகிற காட்சி ஒன்று வரும். தெரு போடக் காசில்லை. முழுக்கப் பனிமூட்டம். ஒரு விளக்குக் கம்பமும் தெருப் பெயர்ப் பலகையும் மட்டும் அதில் மிதக்கும். அவர்களுடைய எதிர்காலமும் அப்படித்தான், அடுத்த பத்தடி தெரியாது. செட் இல்லாத குறை கதையின் பொருளாக மாறிவிட்டது பாருங்கள். இதைப் பணம் இருந்தவர் யோசித்திருக்கவே மாட்டார்.

ரிச்சர்ட் ஃப்ளைஷரின் ‘தி நேரோ மார்ஜின்’, 1952இல் வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் அதிகாரி ஒருவர், கொல்லப்பட்ட ஒரு தாதாவின் மனைவியைச் சாட்சி சொல்ல சிகாகோவிலிருந்து ரயிலில் கூட்டி வருகிறார். அவளைக் கொல்ல ஆட்கள் அதே ரயிலில். அவ்வளவுதான் கதை. ரயில் பெட்டி செட்டை ஆட்டுவதற்கு இயந்திரம் வைக்கச் செலவாகும் என்று செட்டைத் தரையோடு அசையாமல் கட்டிவிட்டு, கேமராவைக் கையில் பிடித்து ஆட்டினார்கள். விளைவு என்ன தெரியுமா? அந்தக் குறுகலான நடைபாதையில் நாமே தோளை இடித்துக்கொண்டு போகிறோம். பின்னணி இசை என்று தனியாக எதுவும் இல்லை, ரயிலின் சத்தமே இசை. அந்தப் பெண் பெட்டிக்குள் உட்கார்ந்து நகத்தை அரத்தால் வேகமாக ராவிக்கொண்டிருப்பாள். சரக் சரக் என்று அந்தச் சத்தம் அப்படியே ரயில் சக்கரத்தின் ஓட்டமாக மாறும். படமும் சத்தமும் ஒரே தாளத்தில் கைமாறுகிற அந்த இடத்தை எடிட்டிங் கற்க வருகிற ஒவ்வொருவருக்கும் நான் போட்டுக் காட்டுவேன். அதற்குத் தேவைப்பட்டது ஒரு நக அரம்.

இன்னும் ஒன்று. ஜோசப் லூயிஸ் 1950இல் எடுத்த ‘கன் க்ரேஸி’யில் ஒரு வங்கிக் கொள்ளை. கேமரா காரின் பின்சீட்டை விட்டு இறங்கவே இல்லை. கார் ஊருக்குள் வருகிறது, நிறுத்த இடம் தேடுகிறது, அவன் இறங்கி உள்ளே போகிறான், அவள் வெளியே ஒரு போலீஸ்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறாள், அவன் ஓடிவருகிறான், கார் பறக்கிறது. எல்லாம் ஒரே ஷாட். வங்கியின் உள்ளே எடுக்க வேண்டிய அத்தனை காட்சியும் மிச்சம். பார்க்கிற நமக்கோ, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத தவிப்பு. கார் சேஸ் எடுக்க முடியவில்லையே என்று வருந்துகிறீர்களே, உங்கள் அதிகாரியைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டு, துரத்த முடியாமல் சிக்னலில் மாட்டிக்கொள்ளும் காட்சியை எழுதிப் பாருங்கள்.

பணத்தை எங்கே போடுவது? சத்தத்தில். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. லென்ஸுக்கும் ட்ரோனுக்கும் வாடகை கொடுத்துவிட்டு ஒலிப்பதிவுக்கு வரும்போது கையை விரிக்கிறார்கள். நான் எடிட் செய்த ஒரு சின்னப் படத்தில் விசாரணை அறைக் காட்சி முழுக்க ஒரே ஒரு சுவர்தான். மறுபக்கம் திரும்பினால் லைட் ஸ்டாண்டு தெரியும். ரஷஸை, அதாவது வெட்டாமல் வந்த ஷாட்களை, பார்த்தபோது, சந்தேக நபர் பேசுகிற ஷாட்களைவிட அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிற ஷாட்கள் உயிராக இருந்தன. அவன் சொல்கிற பொய் முழுவதையும் அவர் முகத்தின் மேலேயே ஓடவிட்டோம். அவர் கையில் ஒரு பேனா. அவன் பொய் சொல்கிற ஒவ்வொரு இடத்திலும் அவர் பேனா மூடியைத் திறந்து மூடுகிற சின்னச் சத்தம். மேலே ட்யூப்லைட்டின் ரீங்காரம் மட்டும். கடைசி பதிலுக்கு முன் அந்த ரீங்காரத்தை நிறுத்தினோம். தியேட்டரில் ஜனங்கள் அசையாமல் இருந்தார்கள். படப்பிடிப்பு இடத்தின் வெறும் மௌனத்தை ஒவ்வொரு லொகேஷனிலும் ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்த வேலை எதுவும் எடிட் டேபிளில் நடக்காது.

கேள்வி: இந்தப் படங்களில் தெரு எப்போதும் ஈரமாகவே இருக்கிறதே, அங்கே எல்லாம் தினமும் மழையா? (வாசகர்)

லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். காய்ந்த தார்ச்சாலை இரவில் வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஃப்ரேமின் கீழ்ப்பாதி வெறும் கறுப்பாகப் போய்விடும். நனைத்துவிட்டால் ஒரே விளக்கு தரையிலும் ஒரு முறை எரியும். இரண்டு விளக்கின் வேலையை ஒன்று செய்கிறது. இன்றைக்கும் இரவுக் காட்சிக்கு அதையேதான் செய்கிறோம்.

கேள்வி: எல்லாப் படத்திலும் கதாநாயக போலீஸ் சட்டத்தை மீறுகிறார். மேலதிகாரி திட்டுகிறார், பேட்ஜைப் பிடுங்குகிறார், இவர் தனியாகப் போய் வெல்கிறார். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இப்படி ஒரு பாத்திரத்தில் இன்னும் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா? (ஆசிரியை)

நிறைய இருக்கிறது, அம்மா. உங்களை அலுக்க வைப்பது அவர் மீறுவது இல்லை. மீறியதற்கு அவரிடம் யாரும் கணக்குக் கேட்காததுதான்.

ஆட்டோ ப்ரெமிஞ்சர் 1950இல் எடுத்த ‘வேர் த சைட்வாக் எண்ட்ஸ்’ பெரிய ஸ்டுடியோ படம்தான், ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. மார்க் டிக்ஸன் என்ற அதிகாரி. சந்தேக நபர்களை அடிக்கிறார் என்று ஏற்கெனவே புகார்கள். அவருடைய அப்பா ஒரு குற்றவாளி. அந்த நிழலைத் தன் மேலிருந்து துடைத்துவிடத்தான் இவர் இத்தனை ஆவேசமாகக் குற்றவாளிகளை வெறுக்கிறார். ஒரு கொலை வழக்கில் ஒருவனை விசாரிக்கப் போகிறார், கைகலப்பு, இவர் விட்ட ஒரு அடியில் அவன் செத்துப்போகிறான். போரில் காயம்பட்டுத் தலைக்குள் உலோகத் தகடு வைத்தவன். இவர் உடலை மறைக்கிறார். பிறகு அந்தச் சாவை விசாரிக்கிற வேலையே இவர் கைக்கு வருகிறது. தடயங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஓர் அப்பாவி டாக்ஸி டிரைவரின் பக்கம் திரும்புகின்றன. அந்த டிரைவரின் மகளை இவர் நேசிக்கத் தொடங்கியிருக்கிறார்.

இதில் மேலதிகாரி திட்டுவது ஒரு பொருட்டே இல்லை. டிக்ஸன் எந்த முரட்டுத்தனத்தைத் தன் பலம் என்று நினைத்தாரோ, அதுவே அவர் கழுத்தைப் பிடிக்கிறது. தடயம் படிக்கத் தெரிந்த அவருடைய திறமை, தன்னை மறைத்துக்கொள்ளப் பயன்படுகிறது. அப்படி ஒருவரைத் திரையில் பார்க்கும்போது அவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றும் நினைக்கிறோம், மாட்டிக்கொண்டால்தான் அந்த டிரைவர் பிழைப்பார் என்றும் நினைக்கிறோம். இந்த இழுபறி இல்லாத விதிமீறல் வெறும் வீராப்பு.

1971க்கு வந்தால் ‘டர்ட்டி ஹாரி’. சான் ஃப்ரான்சிஸ்கோ. ஹாரி என்ற போலீஸ் அதிகாரி, வாரண்ட் இல்லாமல் நுழைந்து, கொலைகாரனின் குண்டடிபட்ட காலை மிதித்து வாக்குமூலம் வாங்குகிறார். அரசு வழக்கறிஞர் அழைத்து, நீ கொண்டுவந்த எதுவும் நீதிமன்றத்தில் நிற்காது, அவனை விட வேண்டியதுதான் என்கிறார். அந்தக் காட்சிக்குப் பின்னால் நிஜத் தீர்ப்புகள் இருக்கின்றன. சட்டத்துக்குப் புறம்பாகத் தேடி எடுத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களும் ஏற்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் சொன்னது. போலீஸ் பிடியில் இருப்பவருக்கு, பேசாமல் இருக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்பதை விசாரணைக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்று 1966இல் சொன்னது. படம் அந்த விதிகளின் மேல் கோபப்படுகிறது. எனக்கு அந்தக் கோபத்தோடு உடன்பாடு கிடையாது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் அப்பாவிகள் சிறைக்குப் போயிருக்கிறார்கள், அந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை. ஆனாலும் அந்தப் படம் ஒன்றை நேர்மையாகச் செய்கிறது: அவருடைய மீறலே குற்றவாளியை வெளியே விடுகிறது. கடைசியில் அவர் பேட்ஜைத் தண்ணீரில் எறிகிறார். அதைப் பார்த்து எழுதப்பட்ட எத்தனையோ கதைகள் மீறலை மட்டும் எடுத்துக்கொண்டு விலையை விட்டுவிட்டன. உங்கள் அலுப்பு அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: இந்தப் படங்களில் பெண் என்றால் ஒன்று மயக்கிக் கெடுப்பவள், இல்லையென்றால் செத்துக் கிடப்பவள். இதை எப்படி ரசிக்கச் சொல்கிறீர்கள்? (வாசகி)

குற்றச்சாட்டு நியாயமானது. பெரும்பாலான படங்களுக்குப் பொருந்தும். ஆனால் நல்ல படங்கள் சில, அந்த ஆணின் பார்வையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. இரண்டு படங்களின் முடிச்சை இங்கே அவிழ்க்கப் போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

மேலே சொன்ன ரயில் படத்தில் அதிகாரி அந்தத் தாதாவின் மனைவியை ஆரம்பம் முதல் இளக்காரமாகவே நடத்துகிறார். அவளும் அதற்கேற்ப வாயாடி. எதிரிகள் அவளைக் கொன்ற பிறகு தெரிகிறது, அவள் ஒரு போலீஸ் பெண். உண்மையான சாட்சியிடமிருந்து எதிரிகளின் கண்ணைத் திருப்ப வேடம் போட்டவள். அவரை விடப் பெரிய வேலையைச் செய்துவிட்டு, அவரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்காமலே சாகிறாள். திரும்பப் பார்த்தால் அவர் அவளிடம் பேசிய ஒவ்வொரு வரியும் குத்தும்.

ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘தி பிக் ஹீட்’, 1953. கொலைப் பிரிவு அதிகாரி பேனியனின் மனைவி காரில் வைத்த குண்டில் இறக்கிறாள். அவர் பேட்ஜைக் கொடுத்துவிட்டுப் பழிவாங்கப் புறப்படுகிறார். துப்பாக்கியைக் கேட்கும்போது மட்டும் தரமாட்டார், அது என் சொந்தக் காசில் வாங்கியது என்பார். எல்லாரும் அவருடைய வீரத்தைப் பேசுவார்கள். நான் உங்களை எண்ணச் சொல்வது வேறு. அவர் நியாயத்தின் பாதையில் நான்கு பெண்கள் சாகிறார்கள். முதலில் வந்து உண்மையைச் சொன்ன லூசி, அவர் நம்பாமல் அனுப்பியவள். பிறகு மனைவி. பிறகு உண்மையைப் பூட்டி வைத்திருக்கும் ஒரு விதவை. கடைசியில் டெபி. முகத்தில் கொதிக்கும் காப்பி ஊற்றப்பட்டவள். அந்த விதவை செத்தால் உண்மை வெளியே வரும் என்பது பேனியனுக்குத் தெரியும். அவருக்குக் கை வரவில்லை. டெபி போய்ச் செய்கிறாள். அவருடைய கை சுத்தமாக இருக்க அவள் கையில் ரத்தம். படம் இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்லாது. எண்ணிப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறார் லாங்.

கேமராவுக்குப் பின்னாலும் பெண் இருந்தார். நடிகை ஐடா லூபினோ 1953இல் ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ படத்தை இயக்கினார். ஒரு கொலைகாரனைத் தெரியாமல் காரில் ஏற்றிக்கொள்ளும் இரண்டு ஆண்களின் பயம்தான் முழுப்படமும். ஆண்கள் பயப்படுவதை அத்தனை பரிவோடு அந்தக் காலத்தில் வேறு யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை.

கேள்வி: கொலை விசாரணையைப் படங்களில் காட்டுவது எவ்வளவு தூரம் உண்மை? (காவல் துறையில் சேர விரும்பும் இளைஞர்)

நான் எடிட்டர், தடயவியல் நிபுணர் இல்லை. ஆனால் இந்த வகைப் படங்களில் வேலை செய்யும்போது மருத்துவர்களிடம் கேட்டுத்தான் வெட்டினோம், அதனால் சில விஷயங்கள் சொல்லலாம்.

உடலைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போடுவது படத்துக்கு அழகு, உண்மையில் அது தடயத்தைக் கெடுக்கிற வேலை. புகைப்படமும் அளவெடுப்பும்தான் முறை. ‘இறந்தது பத்து மணிக்கும் பத்தரைக்கும் நடுவே’ என்று மருத்துவர் பார்த்தவுடன் சொல்வதும் அப்படித்தான். உடல் விறைப்பு முகம், தாடை போன்ற சிறிய தசைகளில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தெரிய ஆரம்பிக்கும். உடல் முழுக்கப் பரவப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம், பிறகு தளரும். வெப்பமான இடத்தில் எல்லாமே வேகமாக நடக்கும். ஆகவே நேர்மையான பதில் எப்போதும் பல மணி நேர இடைவெளியாகத்தான் இருக்கும். ரத்தக்கறையைத் தேடத் தெளிக்கும் லூமினால் நீலமாக ஒளிர்வது உண்மை, ஆனால் இருட்டு வேண்டும், சில நொடிகளில் மங்கிவிடும், ப்ளீச்சிங் திரவம் பட்ட இடத்திலும் ஒளிரும். சைலன்சர் போட்ட துப்பாக்கி ‘ஃபுட்’ என்று மட்டும் ஒலிப்பது எங்களைப் போன்றவர்கள் செய்த பொய். துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலுக்கு மேல், சைலன்சர் அதில் 20 முதல் 35 வரைதான் குறைக்கும். பக்கத்து அறைக்குக் கண்டிப்பாகக் கேட்கும்.

இந்தத் துல்லியமின்மை உங்கள் கதைக்குக் கிடைத்த வரம் என்பதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ‘மாலை ஆறிலிருந்து நள்ளிரவுக்குள்’ என்று மருத்துவர் சொன்னால் கதையில் எல்லாருடைய பொய்க்கும் இடம் கிடைக்கிறது.

விசாரணையின் அலுப்பையே படமாக்கியவர்களும் உண்டு. 1948இல் வந்த ‘ஹி வாக்ட் பை நைட்’, லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. சாட்சிகளை ஒன்றாக உட்கார வைத்து, கண் இப்படியா, தாடை இப்படியா என்று துண்டு துண்டாக ஒரு முகத்தைக் கட்டுவார்கள். வீராப்பு எதுவும் இல்லை. அதில் தடயவியல் ஆளாக நடித்த ஜாக் வெப், அங்கே ஆலோசகராக வந்த போலீஸ் அதிகாரியோடு பேசிப் பேசித்தான் 1949இல் ‘ட்ராக்நெட்’ வானொலித் தொடரைத் தொடங்கினார்.

கேள்வி: ஒளிப்பதிவில் ஒரே ஒருவரைப் படிக்கச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்? (திரைப்படக் கல்லூரி மாணவர்)

ஜான் ஆல்டன். மேலே சொன்ன 1948 படம் அவருடையதுதான். கொலைகாரன் மழைநீர் வடிகால் சுரங்கத்துக்குள் ஓடுகிறான், துரத்துகிறவர்கள் கையில் டார்ச். வட்டமான கான்கிரீட் சுவர், ஈரம், ஓடிவரும் நிழல். பார்க்கிற நமக்கு அந்த டார்ச்சுகளைத் தவிர வேறு வெளிச்சம் இருப்பதாகவே தோன்றாது.

‘தி பிக் காம்போ’, 1955. இதுவும் லூயிஸ் இயக்கம், ஆல்டன் ஒளிப்பதிவு. டயமண்ட் என்ற போலீஸ் அதிகாரி ஒரு தாதாவைப் பிடிப்பதே பிழைப்பாகத் திரிகிறார். துறைப் பணம் வீணாகிறது என்று மேலதிகாரி சண்டை போடுகிறார். டயமண்ட் பின்வாங்காததற்கு நியாயம் மட்டும் காரணம் இல்லை, அந்தத் தாதாவின் காதலி மேல் இவருக்கு ஆசை. அந்தக் கறையால்தான் அவர் எனக்குப் பிடித்த அதிகாரி.

இதில் ஒரு காது கேட்கும் கருவி வருகிறது. அதை டயமண்டின் காதில் மாட்டி, ரேடியோவை அலறவிட்டுச் சித்திரவதை செய்வார்கள். பிறகு அதே கருவிக்குச் சொந்தக்காரரைச் சுட்டுக் கொல்லும் நேரம் வருகிறது. குண்டுச் சத்தம் உனக்குக் கேட்க வேண்டாம் என்று தாதா அந்தக் கருவியைக் கழற்றிவிடுகிறான். உடனே படத்தின் ஒலி முழுக்க நின்றுவிடும். துப்பாக்கிகள் தீப்பொறி கக்குகின்றன, சத்தமே இல்லை. சாகிறவர் காதோடு நாமும் இருக்கிறோம். ரத்தமோ ஓசையோ இல்லாமல் இத்தனை கொடூரமான ஒரு கொலையை நான் பார்த்ததில்லை. செலவு என்று பார்த்தால் ஒலித்தடத்தை நிறுத்தியதுதான்.

கடைசிக் காட்சியில் விமானம் நிறுத்தும் கொட்டகை, பனிமூட்டம், பின்னாலிருந்து வெளிச்சம், இரண்டு நிழலுருவங்கள். இதே ஆல்டன்தான் பளபளக்கும் வண்ண இசைப்படம் ஒன்றின் பாலே காட்சிக்காக ஆஸ்கர் வாங்கினார். வெளிச்சம் தெரிந்தவருக்குத்தான் இருட்டும் தெரியும்.

கேள்வி: கலரில் எடுத்துவிட்டுப் பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நுவார் தோற்றம் வருமா? (குறும்பட இயக்குநர்)

வராது. கலரில் சட்டையும் சுவரும் நிறத்தால் பிரிந்து தெரியும். நிறத்தை எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல். கறுப்பு வெள்ளையில் ஒரு பொருளை இன்னொன்றிலிருந்து பிரிப்பது வெளிச்சம் மட்டும்தான். படப்பிடிப்பு அன்றே மானிட்டரைக் கறுப்பு வெள்ளையில் வைத்து லைட் பண்ணுங்கள்.

கேள்வி: எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது? (வாசகர்)

‘டீடூர்’. பதிப்புரிமை காலாவதியாகிப் பொதுவில் கிடக்கிறது என்பதால் மோசமான பிரதிகள் நிறைய உலவுகின்றன. 2018இல் மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்கள், அந்தப் பனிமூட்டத்தின் அடுக்குகள் அதில்தான் தெரியும். அதன் முடிவில் ஒரு போலீஸ் கார் வந்து நிற்கும். அப்போது அமெரிக்காவில் நடைமுறையில் இருந்த தயாரிப்பு விதிப்படி, குற்றம் செய்தவர் தப்புவதாகக் காட்டக் கூடாது. 1934 முதல் கண்டிப்பாக அமலான விதி அது, 1968இல் வயதுத் தரச் சான்றிதழ் முறை வரும்வரை இருந்தது. அந்தக் கட்டாயத்தையும் உல்மர், நடந்ததா நடக்கப்போவதா என்று தெரியாத ஒரு காட்சியாக மாற்றிவிட்டார். அடுத்து ரயில் படம், பிறகு ‘தி பிக் காம்போ’.

கேள்வி: என் திரைக்கதையில் அதிகாரி கடைசியில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுகிறார். சாட்சியம் போதவில்லை, வழக்கு நிற்காது. ஆகவே சுட்டுவிடுகிறார். அத்தோடு படம் முடிகிறது. நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எனக்கு ஏதோ குறைகிறது. என்ன அது? (திரைக்கதை எழுதும் வாசகி)

உங்கள் உள்ளுணர்வை நம்புங்கள். துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் நீங்கள் அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். அவர் அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டுமே.

ப்ரெமிஞ்சர் படத்தில் டிக்ஸன் சாகத் துணிந்து எதிரியிடம் போவதற்கு முன், நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, தான் இறந்தால் பிரிக்க வேண்டும் என்று குறிப்பிட்டு வைத்துவிட்டுப் போகிறார். சாகாமல் திரும்பிவிடுகிறார். எதிரி பிடிபட்டான், எல்லாரும் பாராட்டுகிறார்கள், கடிதம் பிரிக்கப்படாமல் இருக்கிறது. வாங்கிக் கிழித்துப் போட்டால் போதும். அவர் மேலதிகாரியிடம், படியுங்கள் என்கிறார்.

உங்கள் அதிகாரி சுடட்டும், அதை நான் தடுக்கவில்லை. சுட்ட பிறகு அறிக்கை எழுத வேண்டும் அல்லவா? எத்தனை மணிக்குப் போனீர்கள், எதிராளி கையில் என்ன இருந்தது, எத்தனை குண்டு, எந்தத் தூரத்திலிருந்து. அந்தப் படிவத்தை அவர் மேஜையில் வையுங்கள். கூட இருந்த ஜூனியர் பார்த்திருக்கிறார், அவரும் தனியாக ஓர் அறிக்கை எழுத வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அந்த இளைஞர் கதவருகே நின்று, ‘சார், நான் என்ன எழுதட்டும்?’ என்று கேட்கட்டும். உங்கள் அதிகாரி சொல்கிற பதில் என்ன என்பதைக் கண்டுபிடியுங்கள். அதை எழுதி முடித்ததும் திரைக்கதையை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.